பொலபொலவென்று சில ஞாபகங்கள்

சில தலைப்புகள் மொழிபெயர்ப்பாளரைச் சீண்டுவதற்கென்றே வைக்கப்பட்டவை போலிருக்கும். 'ஒமொயிதே பொரோபொரோ' அப்படி ஒன்று. ஜப்பானிய இயக்குநர் இசாவோ தகஹாதா 1991ல் எடுத்த அனிமேஷன் படம். ஒமொயிதே என்றால் ஞாபகம். பொரோபொரோ என்பது ஒலிக்குறிப்பு. கண்ணீர் துளித் துளியாக விழுவதற்கும், கையில் இருப்பது உதிர்ந்து சிந்துவதற்கும் ஜப்பானியர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலத்தில் படத்துக்கு 'ஒன்லி யெஸ்டர்டே', அதாவது 'நேற்றுதான்', என்று பெயர் வைத்தார்கள். காலம் தங்கியது, சத்தம் போய்விட்டது. தமிழுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நமக்கு 'பொலபொல' இருக்கிறது. கண்ணீரும் பொலபொலவென்று உதிரும், பவழமல்லியும் பொலபொலவென்று உதிரும். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று வகுப்பில் படித்தது இத்தனை வருடம் கழித்து ஒரு ஜப்பானியப் படத்துக்குப் பயன்பட்டது.

தலைப்பில் இன்னொரு குறும்பும் இருக்கிறது. ஒமொயிதே என்ற சொல்லை, 1946 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய முறைப்படி 'ஒமொஹிதே' என்று எழுதியிருக்கிறார்கள். பார்த்தவுடனே ஜப்பானியருக்குப் பழைய வாசனை அடிக்கும். 1978ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன் 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை தூக்கி நிற்குமே, அந்த எழுத்தில் இன்று ஒரு சினிமாத் தலைப்பைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். 1982. தாயெகோவுக்கு 27 வயது. டோக்கியோவில் பிறந்து வளர்ந்து, அங்கேயே ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. அதில் வீட்டாருக்கு இருக்கும் கவலை அவளுக்கு இல்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு அக்கா கணவரின் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு, வடக்கே யமகாதா கிராமத்துக்கு, குசும்பாப் பூப் பறிக்கப் போகிறாள். ராத்திரி ரயிலில் ஏறுகிறாள். கூடவே 1966ல் ஐந்தாம் வகுப்புப் படித்த பத்து வயது தாயெகோவும் ஏறிக்கொள்கிறாள். டிக்கெட் வாங்காமல்.

அவ்வளவுதான். வில்லன் இல்லை, மாயம் இல்லை, பேசும் மிருகங்கள் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படத்தில் அரிசிச் சோறு சாப்பிடுகிறார்கள், பூப் பறிக்கிறார்கள், காரில் போகிறார்கள், பழசைப் பேசுகிறார்கள். அந்த ஆண்டு ஜப்பானியப் படங்களில் வசூலில் முதலிடம் இதற்குத்தான் என்பதை நம்பக் கொஞ்சம் சிரமமாக இருக்கும். நடிகர்களை வைத்தே எடுத்திருக்கக்கூடிய கதையை எதற்காக ஆயிரக்கணக்கான ஓவியங்களாக வரைய வேண்டும் என்றும் கேட்கத் தோன்றும்.

பதில் படத்தின் ஓரங்களில் இருக்கிறது. 1982 காட்சிகளில் திரை முழுக்க வண்ணம். வயலில் ஒவ்வொரு பூவும், காருக்குள் ஒவ்வொரு பொத்தானும் வரையப்பட்டிருக்கிறது. 1966 காட்சிகளில் வண்ணம் வெளிறி, ஓரத்துக்குப் போகப் போகக் கரைந்து வெறும் வெள்ளையாகிவிடுகிறது. மேஜை நினைவில் இருக்கிறது, அதன் மேல் இருந்த பழம் நினைவில் இருக்கிறது, பின்னால் இருந்த சுவர் நினைவில் இல்லை. ஞாபகம் என்பது இப்படித்தானே? காமிரா ஓரங்களை மறக்காது. கை மறக்கும்.

முகங்களிலும் ஒரு வேலை நடந்திருக்கிறது. ஜப்பானில் பொதுவாகப் படத்தை வரைந்து முடித்துவிட்டுத்தான் குரல் கொடுப்பார்கள். பெரிய தாயெகோவின் காட்சிகளுக்குத் தகஹாதா முதலில் குரலைப் பதிவு செய்துகொண்டு, பேசும்போது கன்னம் எப்படி அசைகிறது என்று பார்த்து வரையச் சொன்னார். சிரித்தால் அவள் கன்னத்தில் கோடு விழுகிறது. வழவழப்பான பொம்மை முகங்களுக்குப் பழகிய ரசிகர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அந்தக் கோடுதான் பிடித்தது. 27 வயது என்று வசனத்தில் சொல்லத் தேவையே இல்லை.

தகஹாதா (1935-2018) ஓவியர் அல்ல என்பது இதில் வேடிக்கை. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்தவர். ழாக் பிரெவரின் கவிதைகளை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுபோனவர். அதாவது, எங்கள் சாதி. 1945ல் ஒன்பது வயதில் ஒகாயாமா நகரின் மீது குண்டு விழுந்தபோது உயிர் தப்பியவர். 1988ல் அவர் எடுத்த 'மின்மினிகளின் கல்லறை'யைப் பார்த்தவர்கள் அதை இரண்டாம் தடவை பார்க்கத் துணிய மாட்டார்கள். அதற்கு அடுத்த படம் இது. தயாரிப்பில் உடன் நின்றவர் ஸ்டுடியோ ஜிப்லியின் இன்னொரு தூண், ஹயாவோ மியாஸாகி.

மூலம் ஒரு சித்திரக்கதை. ஹொதாரு ஒகாமோதோ எழுத, யூகோ தோனே வரைந்தது. அதில் இருப்பதெல்லாம் 1966ன் சிறுமி மட்டும்தான். துண்டு துண்டான பள்ளிக்கூட நிகழ்ச்சிகள். 27 வயதுப் பெண்ணும் ரயிலும் கிராமமும் தகஹாதா சேர்த்தவை. ஞாபகம் இருந்தால் போதாது, அதை ஞாபகப்படுத்திக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அந்த ஆளுக்கு எதிரே, கேட்க இன்னொரு ஆளும் வேண்டும் என்று படம் போகப் போகத் தெரிகிறது.

சிறுமியின் ஞாபகங்கள் எல்லாமே சின்னவை. வீட்டுக்கு முதல் தடவையாக ஒரு முழு அன்னாசிப்பழம் வருகிறது. எப்படி வெட்டுவது என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் அக்கா கேட்டுக்கொண்டு வந்து சொல்ல, குடும்பமே சுற்றி நின்று வெட்டுகிறது. வாயில் வைத்தால் பழுக்காத கட்டை. ஒவ்வொருவராகத் தட்டை நகர்த்திவிடுகிறார்கள். தாயெகோ மட்டும் பிடிவாதமாக மென்றுகொண்டே இருக்கிறாள். பள்ளி நாடகத்தில் அவளுக்கு ஒரு வரி வசனம். அதை அவள் செய்த அழகைப் பார்த்துக் கல்லூரி மாணவர்களின் நாடகக் குழு ஒன்று தேடி வருகிறது. அப்பா வேண்டாம் என்கிறார். அத்துடன் சரி. வாய்ப்பு வேறொரு பெண்ணுக்குப் போகிறது. முதலில் உன்னைத்தான் கேட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ளாதே என்கிறாள் அம்மா.

மாதவிலக்கு பற்றிய காட்சியும் உண்டு. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் பள்ளியில் ரகசியமாகச் சொல்லித் தருகிறார்கள். ரகசியம் அரை நாளில் பையன்களுக்குப் போய்விடுகிறது. ஜலதோஷத்தால் விளையாட்டு வகுப்பில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் தாயெகோ, தன்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று குறுகிப் போகிறாள். இந்தக் காட்சிகளால்தான் அமெரிக்காவில் படத்தை வெளியிடாமல் வைத்திருந்தார்கள் என்று பரவலாகப் பேசப்பட்டது. 25 ஆண்டு கழித்து 2016ல்தான் அங்கே ஆங்கிலக் குரல்களுடன் திரையரங்குகளுக்கு வந்தது. கிராமத்து இளைஞன் தோஷியோவுக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவர் நம் 'ஸ்லம்டாக் மில்லியனேர்' புகழ் தேவ் படேல்.

2020ல் நெட்ஃப்ளிக்ஸ் ஜிப்லி படங்களைக் கொடுக்கத் தொடங்கியபோது தில்லி வீட்டில் இதை முதலில் தனியாகப் பார்த்தேன். சென்ற குளிர்காலத்தில் அம்மாவோடு பார்த்தேன். அப்பா காலமான பிறகு அம்மா எங்களோடு இருக்கிறாள். இந்தி தெரியாது. ஆங்கிலம் தெரியாது. ஜப்பானிய மொழி எனக்கும் தெரியாது. கீழே ஓடிய ஆங்கில எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த வேலைக்கு எனக்கு வெளியே சம்பளம் தருகிறார்கள். வீட்டில் கிடைத்தது, "எப்பத்தான் கதை ஆரம்பிக்கும்?" என்ற கேள்வி.

பிறகு அந்தக் கணக்கு வந்தது. தாயெகோ பின்ன வகுத்தலில் மோசமான மதிப்பெண் வாங்கிவிடுகிறாள். மூன்றில் இரண்டை நான்கில் ஒன்றால் வகுக்க வேண்டும். ஆப்பிள் படம் வரைந்து, மூன்றில் இரண்டு பங்கை நாலு பேருக்கு வெட்டி, ஆளுக்கு ஆறில் ஒன்று என்கிறாள். அது பெருக்கல் என்று அக்கா கத்துகிறாள். தலைகீழாகத் திருப்பிப் பெருக்கு, அவ்வளவுதான் என்கிறாள். வகுத்தால் குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடும்? சிறுமிக்குப் புரியவில்லை. இவள் மற்றப் பிள்ளைகள் மாதிரி இல்லை என்று அம்மா சொல்வது அவள் காதிலேயே விழுகிறது.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "முக்காப்படி அரிசி இருக்கு. உழக்கால அளந்தா எத்தனை உழக்கு வரும்?"

"மூணு."

"உழக்குன்னா கால் படி. முக்காலைக் காலால வகுத்தா மூணு. அளக்கிறது சின்னதா ஆக ஆக, எண்ணிக்கை கூடத்தானே செய்யும்? அந்தப் புள்ள கையில யாராவது ஒரு உழக்கைக் கொடுத்திருக்கலாம்."

படத்தை நிறுத்தினேன். நான் படித்த காலத்தில் பின்ன வகுத்தல் என்றால் 'தலைகீழாகத் திருப்பு' என்பதுதான் பாடம். ஏன் திருப்ப வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. "உனக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தா?" என்றேன்.

"யாரு சொல்லணும்? அஞ்சாவதுல பின்னம் வந்துச்சு. அதோட நின்னுட்டேன்."

அம்மா ஐந்தாவதோடு நின்றது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பள்ளி விண்ணப்பங்களில் 'தாயின் கல்வித் தகுதி' என்ற கட்டத்தில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அது ஒரு தகவலாகவே இருந்தது, கதையாக இருந்ததில்லை. அன்றைக்குத்தான் கணக்குப் போட்டேன். அம்மா பிறந்தது 1956ல். 1966ல் அவளுக்கும் பத்து வயது. டோக்கியோ சிறுமி பின்னத்தோடு மல்லுக்கட்டிய அதே வருடம், குடமுருட்டி ஆற்றங்கரைக் கிராமத்தில் அம்மா அதை உழக்கால் அளந்து முடித்துவிட்டிருக்கிறாள்.

அந்த ஊரில் ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம். ஆறாவதுக்கு ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போக வேண்டும். மாமா சைக்கிளில் போனார். பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் வாத்தியார் வீட்டுக்கு வந்து, "கணக்கு நல்லா வருது, அனுப்புங்க" என்று கேட்டிருக்கிறார். "பொம்பளப் புள்ளைய ஆத்தைத் தாண்டி அனுப்பறதா?" என்றாராம் தாத்தா. வாத்தியார் மேற்கொண்டு பேசவில்லை.

"மோர் குடிச்சுட்டுப் போயிட்டார். அந்த மோரைக் கொண்டாந்து கொடுத்ததே நான்தான்" என்றாள் அம்மா. குரலில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் திரையில் உறைந்து நின்ற சிறுமியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, போடு. அந்தப் புள்ள பாஸ் பண்ணுதான்னு பார்ப்போம்" என்றாள்.

நான் தமிழில் முதுகலை முடித்தவள். அம்மா இன்றும் கடுதாசியில் தும்பிக்கை 'லை'தான் போடுவாள். ஐந்தாவதில் கற்ற எழுத்தை மாற்றிக்கொள்ள அவளுக்குப் பிறகு பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. தாயெகோ தனியாக ரயில் ஏறிய அந்த 27 வயதில் அம்மாவின் இடுப்பில் நான் இருந்தேன். இதையெல்லாம் பத்திரிகைத் தொழிலில் இருபது வருடம் ஊர் உலகத்தைக் கேள்வி கேட்ட பிறகு, ஒரு கார்ட்டூன் படத்தை இடையில் நிறுத்தியபோதுதான் கேட்கக் கிடைத்தது.

ஞாபகம் சொல்ல வருவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. படத்தின் கடைசிப் பகுதி இதைப் பற்றித்தான். பூப்பறி முடிந்து ஊருக்குக் கிளம்பும் முந்தைய நாள், அந்த வீட்டுப் பாட்டி தாயெகோவிடம் தோஷியோவைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிடேன் என்று கேட்டுவிடுகிறாள். தாயெகோ பதில் சொல்லாமல் மழையில் வெளியே ஓடுகிறாள். அப்போது அவளைத் தேடி வருவது அபே என்ற பையனின் ஞாபகம். ஐந்தாவதில் அவள் பக்கத்து இருக்கைக்காரன். ஏழை. அழுக்கு என்று பெண் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். தாயெகோ அந்தப் பேச்சில் சேர மாட்டாள். பள்ளி மாறிப் போகிற நாளில் வகுப்பில் எல்லாரோடும் கை குலுக்குகிறான். இவளிடம் வந்ததும், உன்னோடு மட்டும் கை குலுக்க மாட்டேன் என்று போய்விடுகிறான்.

உள்ளுக்குள் அவனை அதிகமாக வெறுத்தது நான்தான், அது அவனுக்குத் தெரிந்திருந்தது என்று தோஷியோவின் காருக்குள் உட்கார்ந்து சொல்கிறாள் தாயெகோ. பதினாறு வருடமாக அவள் தனக்கே சொல்லிக்கொண்டு வந்த தீர்ப்பு. தோஷியோ அதை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. அந்தப் பையனால் உன்னிடம்தான் முரண்டு பிடிக்க முடிந்திருக்கிறது, மற்றவர்களிடம் அவனால் அது கூட முடியவில்லை என்கிறான். அவன் சொல்வது சரியா? அபே வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரே வாசகத்துக்கு இரண்டு மொழிபெயர்ப்பு உண்டு என்று தெரிந்தவுடனே மூலத்தின் பிடி கொஞ்சம் தளர்கிறது. என் தொழிலில் இது அன்றாடம் நடப்பது. வாழ்க்கையில் நடக்க, கேட்பதற்குப் பொறுமை உள்ள ஒரு ஆள் தேவை.

தோஷியோ ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இயற்கை விவசாயத்துக்கு வந்தவன். மலையையும் ஓடையையும் பார்த்து, ஆகா, இயற்கை என்று தாயெகோ மலைக்கும்போது, இதில் மனிதன் கை படாத இடமே இல்லை என்கிறான். அந்தக் காடு, ஓடை, வரப்பு எல்லாம் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக இயற்கையோடு இழுபறி நடத்திச் செய்தவை, அதனால்தான் பார்த்தவுடன் சொந்த ஊர் மாதிரி இருக்கிறது என்கிறான். டோக்கியோவைத் தவிர வேறு ஊரே இல்லாத பெண்ணுக்கு அந்த விளக்கம் பெரிய ஆறுதல். சொந்த ஊர் பிறப்பால் கிடைப்பது மட்டுமல்ல, உழைத்தும் அடையலாம். பழைய நினைவுகளும் தானாக முளைத்துக் கிடப்பவை அல்ல. திரும்பத் திரும்பக் கிளறிக் களை எடுத்தால்தான் விளையும்.

முடிவு பற்றி ஒரு புகார் உண்டு. டோக்கியோவில் சொந்தக் காலில் நின்ற பெண், கடைசியில் கிராமத்துக்கு மருமகளாகப் போவதுதான் தீர்வா? கேட்க வேண்டிய கேள்வி. மாமியார் வீட்டு அடுப்படியில் அவளுக்கு என்ன காத்திருக்கிறது என்று படம் சொல்லவில்லை. ஆனால் அவள் தோஷியோவுக்கு ஒப்புக்கொள்வதை விட, தன்னிடமே ஒரு பதிலைச் சொல்லிக்கொள்வதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அப்பா வேண்டாம் என்றபோது, அபே கை கொடுக்காதபோது, பாட்டி கேட்டபோது வாயடைத்து நின்றவள் முதல் தடவையாகத் தானே தீர்மானிக்கிறாள்.

அதுவும் எப்போது? படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கிய பிறகு. எழுந்து போய்விடாதீர்கள். தாயெகோ டோக்கியோ ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். ஐந்தாம் வகுப்புப் பட்டாளம் முழுவதும் இருக்கைகளின் மேல் ஏறி எட்டிப் பார்க்கிறது. சட்டையைப் பிடித்து இழுக்கிறது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர்த்திசை வண்டி பிடிக்கிறாள். ஒரு வசனமும் இல்லை, பாட்டு மட்டும். திரும்பி வந்தவளை ஏற்றிக்கொண்டு தோஷியோவின் கார் போகிறது. இவ்வளவு தூரம் கூடவே வந்த குழந்தைகள் காரில் ஏறவில்லை. சாலையிலேயே நின்றுவிடுகிறார்கள்.

சொல்லி முடித்த ஞாபகங்கள் அப்படி நின்றுகொள்ளும் போலிருக்கிறது. சொல்லப்படாதவை டிக்கெட் இல்லாமல் இன்னும் பயணம் செய்துகொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டிலும் ஒன்றிரண்டு இருக்கலாம். அவர்களுக்கு இப்போது எழுபது வயதுகூட ஆகியிருக்கலாம். ஐந்தாம் வகுப்பில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.